விலக்குகள் இல்லாத வரைபடம்

மோட்டார் சைக்கிளில் பொருத்தும் வழிகாட்டிக் கருவிக்கு விரிவான வரைபடம் எதற்கு, ஓர் அம்புக்குறியும் அதனருகே ஒரு தொலைவு எண்ணும் போதாதா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இவர்கள் இரு தரப்பினர். வண்டி செய்பவர்களும் விற்பவர்களும் ஒரு தரப்பு. ஓட்டுபவரின் கவனம் சிதறக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மறு தரப்பு நம்மவர்கள், அதாவது இலக்கியம் படிப்பவர்கள். வரைபடம் பார்த்துப் போவது பயணமே ஆகாது, டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டுப் போவதில்தான் மனித உறவு வாழ்கிறது என்பது இவர்கள் சொல்லும் காரணம். இரு தரப்பும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: நிலத்தைப் பற்றிய தகவல் குறைவாக இருந்தால் ஒரு கேடும் இல்லை. இந்த முடிவை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் பல ஆண்டுகளாக இருசக்கர வாகனங்களில் கல்வெட்டு தேடியும், சமணர் படுகை தேடியும், சில நாட்களில் ஒன்றையும் தேடாமலும் அலைந்தவர்கள் என்ற முறையில் மறுக்கிறோம்.

கருவியின் நிலையை முதலில் பார்த்துவிடலாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் குறியீட்டை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க அரசு 2000 மே மாதம் கைவிட்டது. அன்று முதல் எளிய மனிதரின் கையிலுள்ள பெறுவான்கூட வெட்டவெளியில் சில மீட்டர் பிழைக்குள் தன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. 2017 டிசம்பரில் கூகுள் வரைபடம் இந்தியாவுக்கென இருசக்கர வாகன வழித்தடத்தைச் சேர்த்தது. 2018இல் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் என்டார்க் ஸ்கூட்டரின் முகப்பில் வழிகாட்டும் வசதியைக் கொண்டுவந்தது. 2020இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் வண்டியோடு டிரிப்பர் என்ற சிறு வட்டத் திரையை அறிமுகப்படுத்தியது; அதில் அம்பும் தொலைவும் மட்டுமே தெரியும். 2023இல் வந்த ஹிமாலயன் 450இன் வட்டத் திரையில் முழு வரைபடமும் விரிகிறது. ஆக, ஓட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பது கருவிக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. திரையைப் பெரிதாக்கியதால் இந்த அறியாமை குறைந்துவிடவில்லை. அது வண்ணத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

மதுரையை விட்டுத் தெற்கே திருமங்கலத்தைத் தாண்டி டி.கல்லுப்பட்டிச் சாலையில் போகிறவர்களுக்கு வழி என்பது விலக்குகளின் வரிசை. பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குள் ஒரு கிளைச்சாலை பிரியும் இடத்துக்கு விலக்கு என்று பெயர். பேருந்து நடத்துநர் அதைத்தான் கூவுகிறார். கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியில் அதுதான் இருக்கிறது. துக்கத்துக்குச் சொல்லியனுப்பும்போதும் அதைத்தான் சொல்கிறார்கள். ஊர் ஒரு மைல் உள்ளே இருக்கும். விலக்கில் ஒரு வேப்பமரம், ஒரு நிழற்குடை, ஒரு பெட்டிக்கடை, ஏதாவதொரு கட்சியின் கொடிக்கம்பம். தென் தமிழ்நாட்டுச் சமவெளியில் வழியின் அலகு இதுவே. ஆனால் கருவியின் வரைபடத்தில் விலக்கு என்றொரு வகையே கிடையாது. இரண்டு கோடுகள் சந்திக்கும் பெயரற்ற புள்ளி அது. இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பு என்கிறது கருவி. அந்த இருநூறு மீட்டருக்குள் இடப்பக்கம் மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று ஊருக்குப் போவது, ஒன்று கண்மாய்க் கரைமேல் ஏறுவது, ஒன்று யாரோ ஒருவருடைய தோட்டத்துக் கிணற்றடியில் போய் முடிவது.

கண்மாயைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இந்தச் சமவெளியை ஆக்கியவை கண்மாய்கள். ஒன்றின் மிகைநீர் கலுங்கு வழியே இறங்கி அடுத்ததற்குப் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு. கரை, மடை, கலுங்கு, மறுகால், வரத்துக்கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. இருசக்கர வாகனக்காரருக்கு இவை ஒவ்வொன்றும் நடைமுறைச் செய்தி. கரைமேல் பாதை போகுமா, மடைக்கருகே பாதை குறுகுமா, மறுகால் பாயும் நாட்களில் கலுங்கைக் கடக்க முடியுமா? கருவியின் வரைபடத்தில் கண்மாய் என்பது ஒரு நீலத் திட்டு. வருடத்தில் பல மாதம் கருவேல முள் மண்டிக் காய்ந்து கிடக்கும் இடமும் நீலம், ஐப்பசியில் ததும்பும் இடமும் அதே நீலம். இன்னும் சில கண்மாய்கள் நீலமாகக்கூட இல்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட பகுதியின் பெயர் உலகனேரி. பெயரில் ஏரி இருக்கிறது. பெயரையும் எழுதாமல் விட்டால் அங்கே நீர் நின்ற செய்தியே அடுத்த தலைமுறைக்குப் போகாது. செக்கானூரணியில் ஊரணி இருக்கிறது, ஊமச்சிகுளத்தில் குளம் இருக்கிறது. இப்படி இந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் பாதி நீர்நிலைகளின் பெயர்கள்தாம்.

மண் அடுத்தது. மேலூர்ப் பக்கம் செவல். கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். செவற்காட்டு வண்டிப்பாதையில் மழை நின்று இரண்டு மணி நேரத்தில் வண்டி ஓட்டலாம். கரிசலில் இரண்டு நாள் ஆகும். மாசியில் கெட்டித் தரையாகப் பிளந்து கிடக்கும் அதே பாதை, ஐப்பசியில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பி வண்டியை நிற்க வைத்துவிடும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. ஒரு கருவி (அதன் பெயர் இங்கே தேவையில்லை) நான்கு கிலோமீட்டர் மிச்சப்படுத்துவதாகச் சொல்லி எங்களைக் கரிசற்காட்டுக்குள் இறக்கிவிட்டது. வேப்பங்குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்து எடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. அந்தக் கருவியின் கணக்கில் அது குறுகிய வழி என்பதில் சந்தேகமில்லை. தார், கப்பி, சரளை, கரிசல் என்ற வேறுபாடு அதன் கிடங்கில் இல்லை, அதனால் கணக்கிலும் இல்லை. காருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கார் அந்தப் பாதையில் நுழையவே நுழையாது. இருசக்கர வாகனத்தை எந்தப் பாதைக்குள்ளும் அனுப்பலாம் என்று கருவி நம்புவதால்தான் பாதையின் தன்மை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்பவர்கள் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களைப் பார்க்க வேண்டும். 1:50,000 அளவில் அச்சிட்ட அந்தத் தாள்களில் மதுரை நகரம் 58 கே/1 என்ற எண்ணுள்ள தாளில் வரும். திருமங்கலத்துக்குப் போனால் மேற்கே அடுத்த தாளைப் புரட்ட வேண்டும். சரளை அல்லது தார் போட்ட சாலைக்கு ஒரு குறி, போடாத சாலைக்கு ஒன்று, வண்டிப்பாதைக்கு ஒன்று, ஒற்றையடிப் பாதைக்கு ஒன்று. வற்றாத ஓடை நீலக் கோடு, வறண்ட ஓடை கறுப்புக் கோடு. கரை கட்டிய குளத்தில் கரையின் உயரம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். கிணறு, கோயில், சத்திரம் என ஒவ்வொன்றுக்கும் சின்னம் உண்டு. நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்கள் சேர்த்த செய்திகள் இவை. அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை தெற்கே வந்தபோது, சமவெளியில் உயரமான இடம் கிடைக்காமல் கோயில் கோபுரங்கள்மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் கருவி கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது. அவர் அதைப் பழுது பார்த்துக்கொண்டு மேலே போனார். வரி வசூலும் படை நகர்வும்தான் கம்பெனியின் நோக்கம், இதில் எங்களுக்கு மயக்கம் ஏதுமில்லை. ஆனால் வரி கேட்க வந்தவன் வண்டிப்பாதைக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் வேறுபாடு குறித்துப் போனான். வழி காட்ட வந்திருக்கும் இன்றைய கருவி அதை விட்டுவிட்டது. இதை முன்னேற்றம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

மதுரையில் அளவையாளர் பெயரில் ஒரு வீதியே இருப்பதாகச் சொல்வார்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளிவீதிகள் உருவானபோது, அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் வீதிப் பெயர்களாக நிலைத்தன. அளந்தவர்களையும் கட்டியவர்களையும் ஊர் மறக்கவில்லை.

இலக்கிய நண்பர்களின் வாதத்துக்கு இப்போது வருவோம். விரிவான வழிக்குறிப்பு பயணத்தின் கவிதையைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். தமிழில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிய மொழி இது. மலைபடுகடாம் 583 அடிகளில், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, எந்தப் பாறையில் வழுக்கும் என்றெல்லாம் சொல்கிறது. மதுரைக்கே வந்தால், சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்குச் சொல்வது முழுமையான வழிக்குறிப்பு. கொடும்பாளூர் அருகே பாதை மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழியில் இன்னின்ன மரங்கள், எயினர் குடியிருப்பு, அதற்கு அப்பால் இன்னின்ன பயிர்கள், பிறகு சிறுமலை; அதை வலப்புறம் வைத்துக்கொண்டு போனால் மதுரை. இடப்பக்க வழியில் தாழ்ந்த வயல்கள், சோலைகள், காடு கடந்து திருமால் குன்றம். நடுவழிதான் நல்ல வழி, ஆனால் அங்கே ஒரு தெய்வம் மறிக்கும். கோடையில் நிலமே தன் இயல்பு திரிந்து வேறாகிவிடும் என்ற செய்தியையும் அவனே சொல்கிறான். பிரிவிடம், அடையாளம், பயிர், ஆபத்து, பருவம் எல்லாம் அதில் இருக்கின்றன. இளங்கோ நிலத்தை விவரமாகச் சொன்னதால் காப்பியம் கெட்டுப்போகவில்லை. இருநூறு மீட்டரில் வலப்பக்கம் என்று மட்டும் அந்த மறையோன் சொல்லியிருந்தால் நாம் அவனை நினைவு வைத்திருக்க மாட்டோம்.

டீக்கடை வாதத்தில் இன்னொரு கண்மூடித்தனமும் இருக்கிறது. வழி கேட்க யாரால் முடியும்? நம்மில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள். இரவு எட்டு மணிக்கு நத்தம் சாலையில் தனியே வரும் ஒருத்தி, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் கடையில் வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பதைப் பயணத்தின் கவிதை என்று எண்ணுவாளா? ஊருக்குள் வழி கேட்பவரிடம், எந்த ஊரு, யார் வீட்டுக்கு, அவர் உங்களுக்கு என்ன வேணும் என்று திருப்பிக் கேட்கும் கேள்விகளும் எப்போதும் அன்பினால் மட்டும் எழுவதில்லை. அவை சாதியை அறியும் கேள்விகள் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கடக்காமல் தன் உறவினர் வீட்டுக்குப் போய்ச்சேர ஒருவருக்கு உரிமை வேண்டாமா? வரைபடத்திலும் இதே கதைதான். ஊரின் பெயர் இருக்கும். அதை ஒட்டிய சேரி வெறும் பழுப்பு நிறமாக இருக்கும், இருந்தால் காலனி என்ற பொதுச்சொல்லோடு நிற்கும். அங்கே ஒரு பிரசவத்துக்கு 108 ஊர்தியை அழைப்பவர்கள் பெயரில்லாத இடத்தை எப்படிச் சொல்வார்கள்? அம்புக்குறி போதும் என்பது ஏற்கெனவே வழி தெரிந்தவர்களின் வசதி.

கவனம் சிதறும் என்ற வாதம் இவ்வளவு கடுமைக்கு உரியதல்ல, அதில் பாதி உண்மை. ஓடும் வண்டியில் யாரும் வரைபடம் படிக்கக்கூடாது. ஆனால் திரையில் காட்டுவது வேறு, கிடங்கில் வைத்திருப்பது வேறு. கண்மாய்க் கரை முடியும் இடத்தில் வரும் விலக்கில் இடப்பக்கம் என்று ஒரே வாக்கியத்தில் கருவி சொல்ல வேண்டுமானால், அங்கே கண்மாய் இருப்பதும் அந்த விலக்கின் பெயரும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். திரை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குக் கிடங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பதே இந்த வாதத்திலிருந்து வரும் சரியான முடிவு. நகருக்குள் இன்னொரு சிக்கலையும் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மேலே ஒரு சாலை, அதன் நேர் கீழே ஒரு சாலை. செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பில் உயரத்தின் பிழை அதிகம் என்பதால் வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்று கருவியால் எளிதில் பிரித்தறிய முடியாது. மேலே ஏறு, கீழேயே போ என்று ஏறுமிடத்திலேயே முன்கூட்டிச் சொல்லத்தக்க விவரம் இருந்தால்தான் உதவும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெங்கும் சாலைகள் அடைபடுவதையும், அணையில் நீர் திறந்தால் வைகைத் தரைப்பாலங்கள் மூழ்குவதையும் பற்றி நாங்கள் எதுவும் எழுதப் போவதில்லை. அது பேராசை என்று எங்களுக்கே தெரியும்.

பெயர்களுக்கு வருவோம். இருசக்கர வாகனக்காரர் கருவியைக் கண்ணைவிடக் காதால் அதிகம் பயன்படுத்துகிறார். தலைக்கவசத்துக்குள் கேட்கும் குரல் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொன்னால்தான் வழி விளங்கும். இந்த வரைபடங்களில் நம் ஊர்களின் மூலப் பெயர் ரோமன் எழுத்தில் உள்ளது. லகர ளகர ழகர வேறுபாடு அங்கே கரைந்துபோகிறது. நெடில் குறில் கரைந்துபோகிறது. கீழடி கீலடியாகிறது. பின்னர் அதையே இயந்திரம் தமிழுக்குத் திருப்புகிறது. 2021 ஜனவரியில் கூகுள் பத்து இந்திய மொழிகளுக்கு இப்படித் தானியங்கி எழுத்துப்பெயர்ப்பை அறிவித்தபோது தமிழும் அதில் இருந்தது; நல்ல எண்ணம்தான். ஆனால் தமிழில் பிறந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும் இந்தச் சுற்றுவழி எதற்கு? தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ரோமன் எழுத்தில் ழகரத்தை எப்படி எழுதுவது என்று அத்தனை பேர் சண்டையிட்டார்கள். வரைபடத்தில் தமிழ் எழுத்திலேயே பெயர் இருக்கட்டும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போக விரும்புகிறவருக்கும் தொண்டைமான் புதுக்கோட்டைக்குப் போக விரும்புகிறவருக்கும் இடையே நூறு கிலோமீட்டர் வேறுபாடு இருக்கிறது. டி.கல்லுப்பட்டி வேறு, எம்.கல்லுப்பட்டி வேறு. (எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மனிதர்களைப் போல இனிஷியல் உண்டு, அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் வேறொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நிற்க நேரும்.)

வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்துக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் தமிழி கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் சமணச் சிற்பமும் இருக்கின்றன. ஏரிகளும் சுனைகளும் நிறைந்த அப்பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதியின் ஏல முடிவு வெளியானது. ஊர் மக்களின் பெரும் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானது. வரைபடத்தின் குறையால் அந்த ஏலம் நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தைக் காக்க நிற்பவர்கள் முதலில் செய்ய வேண்டியிருப்பது இங்கே இன்ன கண்மாய், இன்ன சுனை, இன்ன பாதை என்று பெயர் சொல்லிக் காட்டுவதுதான். அந்தப் பெயர்கள் பாமரரும் பார்க்கும் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்திருந்தால் அந்த வேலை எவ்வளவு சுலபம்!

விவரம் இல்லாமல் இல்லை. வருவாய்த் துறையின் புல வரைபடங்களை இன்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். கிராம வரைபடங்களில் வண்டிப்பாதையும் ஓடையும் கண்மாய்ப் புறம்போக்கும் புல எண்ணோடு இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடத் தரவுகள்மீது இருந்த பழைய கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியைத் தளர்த்திவிட்டது. இந்தியர்கள் தம் நிலத்தை வரைய முன்னனுமதி வேண்டியதில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் பாதை வரையலாம். பாதையின் தளம் தாரா, சரளையா, மண்ணா என்று குறிக்க இடமுண்டு. ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனியே எழுத இடமுண்டு. அதைக் கொண்டு இயங்கும் செயலிகள் இணைய இணைப்பு இல்லாமலும் வழிகாட்டும். அலைக்கற்றை எட்டாத அடிவாரங்களில் இதன் அருமை தெரியும். நிறுவனங்கள் செய்யட்டும் என்று காத்திருந்தால் அவை வாடிக்கையாளர் அதிகமுள்ள இடத்தையே முதலில் நிரப்பும். அது அவர்கள் தொழில். வட்டார வழக்கு அகராதி தொகுக்க கி.ராஜநாராயணன் எந்த நிறுவனத்துக்காகவும் காத்திருக்கவில்லை.

திருமங்கலம் முதல் டி.கல்லுப்பட்டி வரை உள்ள விலக்குகளின் பெயர்களைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு கிளைப்பாதையும் தாரா, சரளையா, கரிசலா என்றும், மழைக்காலத்தில் போக முடியுமா என்றும் ஓட்டிப் பார்த்தே குறிக்கிறோம். மேலூருக்குக் கிழக்கே எங்களுக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர்க் கண்மாய், கலுங்கு, விலக்குப் பெயர்களை, உள்ளூரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே, இனிஷியலோடு எழுதி அனுப்ப வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. மழை விழுந்தபின் போய்ச் சரிபார்க்க வண்டி உள்ளே நுழையாது.